போத்தனூர்க்காரியின் மகன்

ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி வரும் ரயில் பாதை எங்க ஜோலார்பேட்டையில் இரண்டாகப் பிரியும். பெங்களூர் பக்கம் போகும் கிளை 1864-ல் வந்தது. இன்னொன்று சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூர் போகிறது. இரண்டையும் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி.

அந்தப் போத்தனூரில் 1881-ல் பிறந்தவர் எத்தல் ஸ்டோனி. அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். துங்கபத்திரா பாலத்தில் அவர் கை உண்டு. பங்கா இழுக்கும்போது சத்தம் வராமலிருக்க ஒரு சக்கரம் செய்து காப்புரிமையும் வாங்கிவைத்தார். துரை தூக்கம் கலையக் கூடாதே! இழுத்தவர் கை அப்படியேதான் வலித்திருக்கும்.

எத்தல் கட்டிக்கொண்டது மெட்ராஸ் மாகாணத்தின் ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியஸ் டூரிங்கை. அவர்களுடைய இளைய மகன்தான் ஆலன் டூரிங். 1912-ல் லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு உத்தியோகம் இங்கே. பிள்ளைகள் அங்கே, ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில்.

1936-ல் டூரிங் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். நீண்ட நாடாவில் இருக்கும் குறிகளைப் படிக்கும், அழிக்கும், எழுதும், நகரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் விதிகளையும் அதே நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே இயந்திரம் எந்தக் கணக்கையும் போடும். ஒரே போனில் நாம் கேமராவும் வரைபடமும் பாட்டும் வைத்திருப்பது இந்த யோசனையால்தான். போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் எனிக்மா சங்கேதங்களை உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அது வெளியே சொல்லக் கூடாத ரகசியம் என்பதால், நாடு அவரைக் கோர்ட்டில் நிறுத்தியபோது ஊருக்கு அவர் யாரென்றே தெரியாது.

1952-ல் வீட்டில் திருட்டு. போலீசுக்குப் போனார். விசாரணையில் ஒரு இளைஞனோடு தனக்கிருந்த உறவை அவர் மறைக்கவில்லை. புகார் கொடுத்தவரே குற்றவாளி ஆனார். ஜெயிலா, பெண் ஹார்மோனா என்று கேட்டார்கள். ஒரு வருஷம் ஹார்மோன். மார்பு வளர்ந்தது. 1954 ஜூன் 7, சயனைடு விஷம். வயது 41.

தற்கொலை என்றது விசாரணை. விபத்து என்றே நம்பினார் எத்தல். 1959-ல் மகனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவருடைய தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. நம்ம வீட்டு அம்மாக்களும் பாதிப் பேர் இப்படித்தானே எழுதியிருப்பார்கள்.

போத்தனூர் பேரன் என்று அவரைக் கொண்டாடுவது சுலபம். அவரைத் தண்டித்தது 1885-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு மூத்த பங்காளி ஒன்றை வெள்ளைக்காரன் 1860-லேயே இங்கே எழுதிவைத்திருந்தான்: பிரிவு 377. ரயிலைப் போலவே அதையும் நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம். 2013 டிசம்பர் 11 அன்று, முன்பு டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியிருந்த அந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. சரியாகப் 13 நாள் கழித்து லண்டனில் டூரிங்குக்கு அரச மன்னிப்பு. இங்கே விடிய 2018 ஆனது.

சட்டம் போன பிறகும் 'வைத்தியம்' போகவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், தன்பாலீர்ப்பை மருந்தால் மாற்றும் முயற்சிகளுக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்த உத்தரவு வந்த தேதி 2021 ஜூன் 7. டூரிங் இறந்து அன்றோடு 67 வருஷம்.