ஹாலிவுட் கொடுத்த மூன்று வேடங்கள்

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழைய ஹாலிவுட் படங்களை ஆண்டு வரிசைப்படி பார்த்து வருகிறேன். ஒவ்வொன்றாகத் தனியே பார்க்கும்போது கண்ணில் படாத ஒன்று, வரிசையாகப் பார்க்கும்போது தெரிகிறது. கறுப்பின ஆணுக்கு அங்கே நீண்ட காலம் பெரும்பாலும் மூன்றே வேடங்கள்தான் கிடைத்தன: மிருகம், கோமாளி, மகான்.

மிருகத்தை நிலைநிறுத்தியது 1915-இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’. டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த மூன்று மணி நேர மௌனப் படம். அடிமைகள் விடுதலை பெற்ற காலத்துக் கதை. கஸ் என்ற கறுப்பினச் சிப்பாய் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் துரத்துகிறான். அவள் பாறையிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். கு க்ளக்ஸ் க்ளான் கூட்டம் அவனைப் பிடித்துக் கொல்வதைப் படம் நியாயம் என்றே காட்டுகிறது. கஸ்ஸாக நடித்த வால்டர் லாங் ஒரு வெள்ளையர். முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்!

இந்தப் படத்தை ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. பல நகரங்களில் எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனாலும் படம் ஓடு ஓடென்று ஓடியது. அதே ஆண்டு இறுதியில், எப்போதோ ஒடுங்கிப் போயிருந்த க்ளான் ஜார்ஜியா மாநிலத்தில் மறுபடி தொடங்கப்பட்டது. படத்தைக் காட்டியே ஆள் சேர்த்தார்கள். கறுப்பர்களைக் கும்பல் கூடித் தூக்கிலிட்டவர்கள் அடிக்கடி சொன்ன சாக்கும் கஸ்ஸின் கதைதான். சினிமா வெறும் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920-இல் ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்தார். அதில் கும்பல் தூக்கிலிடுவது குற்றமற்றவர்களை; பெண்ணிடம் முறைகேடாக நடப்பவன் வெள்ளையன். தணிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டித்தான் அது திரைக்கு வந்தது. பிறகு பல்லாண்டுகள் காணாமலே போயிருந்து, கடைசியில் ஸ்பெயினில் ஒரு பிரதி கிடைத்தது.

அடுத்தது கோமாளி. 1930-களில் ஸ்டெபின் ஃபெட்சிட் என்ற பெயரில் நடித்த லிங்கன் பெர்ரி, தலையைச் சொறிந்து, வார்த்தையை இழுத்து, நகரவே சோம்பல்படும் வேலைக்காரனாக வந்து சிரிக்க வைத்தார். நிஜத்தில் அவர் ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையில் எழுதியவர். பெரும் பணம் சம்பாதித்த நட்சத்திரம். மிருகம் பயமுறுத்தியது, கோமாளி சிரிக்க வைத்தான். இரண்டும் சொன்னது ஒன்றே: இவனுக்கு ஓட்டுரிமையும் சம உரிமையும் எதற்கு?

மூன்றாவது மகான். சிட்னி பாய்ட்டியர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1964-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனால் அவருக்குக் கொடுத்த வேடங்களைப் பாருங்கள். ‘தி டிஃபயன்ட் ஒன்ஸ்’ (1958) படத்தில் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட இரண்டு கைதிகள் தப்பி ஓடுகிறார்கள். முடிவில் பாய்ட்டியர் ரயிலில் ஏறிவிடுகிறார்; வெள்ளைக்கார நண்பனால் ஏற முடியவில்லை. அவனுக்காக இவர் கீழே விழுந்து பிடிபடுகிறார். வெள்ளையர் நெகிழ்ந்துபோன அந்தக் காட்சியைப் பார்த்து, ஹார்லெமில் இருந்த கறுப்பின ரசிகர்கள் ‘மறுபடி ஏறிக்கொள்’ என்று கத்தினார்கள் என எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பதிவு செய்திருக்கிறார்.

‘கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்’ (1967) படத்திலோ அவர் உலகப் புகழ் பெற்ற டாக்டர். அப்படியிருந்தும், பெண்ணின் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுவதாகச் சொல்கிறார். கலப்பு மணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டுதான். சட்டம் ஒருவனை மனிதன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், சினிமா அவனிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டது.

குறையுள்ள, கோபப்படுகிற, சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிற சாதாரண மனிதனாக இருக்கும் உரிமைதான் கடைசியில் கிடைத்தது. 1964-இல் வந்த ‘நத்திங் பட் எ மேன்’ படத்தில் அப்படி ஒருவன் வருகிறான். ஐவன் டிக்சன் நடித்த ரயில் பாதைத் தொழிலாளி. மிருகமும் இல்லை, மகானும் இல்லை. கிடைத்தால் அவசியம் பாருங்கள்.