நடுவர் அணியாத எழுத்து

மணவறம் பிறழ்ந்தோர்க்கென மாசசூசெட்ஸ் ஆட்சியினர் 1694ஆம் ஆண்டில் ஒரு தண்டனையை வகுத்தனர். கழுத்தில் கயிற்றோடு தூக்குமேடையில் ஒரு மணி நேரம் இருத்தல். நாற்பதுக்கு மேற்படாத கசையடி. பின்னர், உடையின் நிறத்துக்கு மாறான துணியில் வெட்டிய இரண்டு அங்குல 'ஏ' எழுத்தை வாழ்நாள் முழுதும் அணிதல். அதற்கு முன்னரோ அக்குற்றத்துக்கு மரணமே தண்டனை. 1644இல் மேரி லேத்தம் என்னும் இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டனும் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டனர்.

நதானியல் ஹாதோர்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' புதினம் 1640களில் நிகழ்வது. பாஸ்டனின் சட்டப்படி பார்த்தால் ஹெஸ்டர் பிரின்னின் மார்பில் அவ்வெழுத்து காலமுரண். மரண தண்டனைக்கு உரியவளை நடுவர்கள் இரங்கி விட்டதாகப் புதினமே கூறுவதால், அறியாது நேர்ந்த முரணன்று அது. அவளோ அவ்வெழுத்தைப் பொன்னிழைப் பூவேலையோடு தைத்து அணிகிறாள். ஊசியிலேயே தொடங்குகிறது அவளது மறுப்பு. நாளடைவில் ஊரார் அதற்கு 'ஏபிள்', ஆற்றலுடையாள் எனப் பொருள் கொள்கின்றனர். எச்சொல்லின் முதலெழுத்தாக அது தைக்கப்பட்டதோ, அச்சொல் நூலில் ஓரிடத்தும் வாராமை குறிப்பிடத்தக்கது. அவளோடு குற்றத்தில் பங்குகொண்ட போதகர் டிம்ஸ்டேலோ துணியெழுத்து இன்றியே ஏழாண்டுகள் தம் மார்பைக் கைகளால் மறைத்தபடி வாழ்கிறார்.

இவ்விருவரின் பாவத்தை மட்டுமே ஆராய்வோர், தண்டித்தோர் குலத்தில் வந்தவர் எழுதிய நூல் இது என்பதை மறந்துவிடுகின்றனர். முன்னோர் வில்லியம் ஹாதோர்ன் குவேக்கர் சமயத்தாரைக் கொடுமைப்படுத்தியவர். அவர் மகன் ஜான், 1692இல் சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நடுவருள் ஒருவர். பத்தொன்பது பேர் தூக்கிலேறினர். கைல்ஸ் கோரி கற்பாரத்தின் கீழ் மாண்டார். உடனிருந்த நடுவர் சாமுவேல் சூவல், 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில் சபை முன் எழுந்து நிற்க, அவர் எழுதித் தந்த குற்ற ஒப்புதல் வாசிக்கப்பட்டது. 1717இல் இறந்த ஜான் ஹாதோர்ன் அவ்வாறு எழுந்து நின்றாரல்லர்.

கொள்ளுப்பேரன் வழியில் வந்த எழுத்தாளர் தம் குடும்பப் பெயரில் 'டபிள்யூ' என்னும் ஓரெழுத்தைக் கூட்டிக்கொண்டார். 1849இல் சேலம் சுங்க அலுவலகப் பணியை இழந்தபின் எழுதிய இப்புதினத்தின் முன்னுரையில், முன்னோரின் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்வதாகவும் கூறினார்.

புதினத்தில் தண்டமேடைக்கு மேலுள்ள மாடத்தில் அமர்ந்து ஹெஸ்டரைக் காணும் ஆளுநர் பெல்லிங்கம் மெய்யாக வாழ்ந்தவர். 1641இல், வேறொருவருக்கென உறுதி கூறப்பட்டிருந்த பெனலொப்பி பெல்லம் என்பவரை, முறைப்படி அறிவிக்காமல், மணவினையையும் தாமே நடத்தி மணந்துகொண்டார். அது வழக்காக வந்தபோது நடுவர் இருக்கையிலிருந்து இறங்க அவர் மறுத்துவிட்டார். புதினத்தின் இறுதி மேடைக் காட்சியில், தள்ளாடும் டிம்ஸ்டேலைத் தாங்க வருபவரும் அவரே. போதகரின் பார்வை கண்டு பின்வாங்கிவிடுகிறார். தண்டமேடையில் டிம்ஸ்டேல் ஏறுவது ஹெஸ்டரின் தோளைப் பற்றியே.