சுந்தரபாண்டியபுரம்: ஊர் தோன்றி வளர்ந்த வரலாறு

ஊர் வரலாறு என்றதும் அன்பர்கள் முதலில் மன்னர் பெயரைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதையே முதலில் சொல்லி விடுவோம். சுந்தர பாண்டியன் என்ற பெயரில் பாண்டிய மன்னர் பலர் ஆண்டனர். 1216-இல் பட்டமேறிய மாறவர்மனும், 1251-இல் பட்டமேறிய சடையவர்மனும் அவர்களுள் பேர் பெற்றவர்கள். புதிதாக ஏற்படுத்திய குடியிருப்புக்கு அரசர் பெயரோடு ‘புரம்’ சேர்த்து வழங்குவது அக்கால வழக்கம். 1311-இல் மாலிக்காபூர் மதுரையைச் சூறையாடிய பின் பாண்டியரின் வலிமை தளர்ந்தது. பிற்காலத்தில் அம்மரபினர் தென்காசியில் நிலைகொண்டனர். அங்கே பராக்கிரம பாண்டியன் 1446-இல் விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். தனக்குப் பின் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் பாதம் பணிவதாக அவன் கல்லில் வெட்டி வைத்ததை நாம் அறிவோம். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது!

ஆனால் ஊரை உண்டாக்கியது தண்ணீர்தான். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் நம் பக்கம் வருகின்றன. குற்றாலமலையில் பிறக்கும் சிற்றாறு அப்போது பெருகும். மலைக்குக் கிழக்கே வரவர மழை குறையும். ஆகவே ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பிக் குளத்தில் தேக்கினால்தான் நெல் விளையும். கார், பிசானம் என்று இருபோகம் கண்ட இடங்களில் குடிகள் நிலைத்தார்கள். அமெரிக்காவில் இரயில் தண்டவாளம் போட்டு, நிலையம் வைத்த இடத்தில் பல சிற்றூர்கள் முளைத்தன என்று படிக்கிறோம். இங்கே 1903-இல் நெல்லை–செங்கோட்டை இரயில் வந்தது. நம் ஊருக்கு நிலையம் கிடைக்கவில்லை, ஊர் அதற்காகக் கலைந்துவிடவும் இல்லை.

குளக்கரையில் யார் எங்கே குடியிருப்பது என்பது சாதியால் தீர்மானிக்கப்பட்டது. அக்கிரகாரம் ஒரு பக்கம், உழுகுடிகள் ஒரு பக்கம், கூலி வேலை செய்தோர் ஊருக்கு வெளியே என்பதே இந்த வட்டார ஊர்களின் பொது அமைப்பு. தானம் கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிற்கின்றன. மண் சுமந்து கரை போட்டவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. என் எண்ணத்தில், ஊர் வரலாற்றில் பெரிய குறை இதுவே. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். 1858-இல் சென்னை அரசாங்கம் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டு வந்தது. வேலைக்கு வரத் தவறினால் தண்டம். எல்லாரும் மனமுவந்து மண்வெட்டி தூக்கியிருந்தால் சட்டம் எதற்கு?

விடுதலைக்குப் பின் நிலைமை வேகமாக மாறியது. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் ஆனது. 1970-இல் அதுவும் 15 ஆகக் குறைந்தது. 1963-இல் இனாம் ஒழிப்பு. இதற்கு முன்பே ஆங்கிலம் கற்ற அக்கிரகாரத்துப் பிள்ளைகள் உத்தியோகம் தேடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நிலத்தின் பிடியும் விட்டதும் திரும்பி வருவோர் குறைந்தனர். 1992-இல் ‘ரோஜா’ திரைப்படத்தில் நம் தெருவைக் கண்டு நாடே வியந்தது. திண்ணையும் ஓடும் அழகுதான். அத்திண்ணைகளில் உட்காரப் பலர் இல்லை என்பதைக் காமிரா சொல்லவில்லை.

இன்று கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து பார்க்கும் சூரியகாந்தியும் பழைய பயிர் அன்று. எண்ணெய் வித்துக்காக 1969-இல் சோவியத் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த இரகங்களால்தான் அது இங்கெல்லாம் பரவியது. நம் பாளை மறைமாவட்டம் 1973-இல் பிறந்தது. ஏறத்தாழ இரண்டுக்கும் ஒரே வயது. படம் எடுக்க வருவோர் செடிகளை மிதித்துவிட்டுப் போவதாக விவசாயிகள் வருந்துகிறார்கள். வருகிறவர்கள் வரப்போடு நின்றுகொண்டால் போதும்.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2017-இல், அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே குளம் தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியிருந்தது. இப்போது மண் அள்ளுவது இயந்திரம். மடை திறப்பது யார், கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது என்ற வழக்கு மட்டும் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.