கிருஷ்ணதேவராயர் நாடாண்ட முறை

எங்கள் ஊராகிய கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. மேற்கே சென்றால் கோயில். கிழக்கே சென்றால் கோட்டை. பள்ளியில் வரலாறு கற்பித்த நாட்களில், ஆண்டுதோறும் மாணவர்களைத் திருவண்ணாமலைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். கிழக்கு இராசகோபுரத்தின் கீழ் நின்று, "நிலைகள் பதினொன்று, உயரம் 217 அடி, இதைத் தொடங்கியவர் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர்" என்று சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவன், "ஐயா, அவர் தலைநகர் துங்கபத்திரைக் கரையில் அல்லவா இருந்தது? அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு நம் ஊரை எப்படி ஆண்டார்?" என்று கேட்டான். அன்று ஏதோ ஒரு விடை கூறிச் சமாளித்தேன். அந்த வினாவுக்கு உரிய விடையை இன்று கூற விரும்புகிறேன்.

இராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். அப்போது ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி முடிசூடியதும் அதே 1509-ஆம் ஆண்டில்தான். இத்தாலியில் மாக்கியவல்லி என்பவர் 1513-இல், அரசன் எவ்வாறு ஆள வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். மாக்கியவல்லி அரசர் அல்லர். பதவியை இழந்த அலுவலர். நம் நாட்டிலோ அரசரே அத்தகைய அறிவுரையை எழுதி வைத்தார். ஆண்டாளின் வரலாற்றைப் பாடும் 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காவியத்தில், அரச நீதிக்கென்றே ஒரு பகுதியை இராயர் அமைத்திருக்கிறார். அவர் எழுதியதையும் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அவருடைய ஆட்சி நமக்கு விளங்கும்.

முதலில் மாணவனின் வினாவுக்கு வருவோம். தந்தியும் புகைவண்டியும் இல்லாத காலத்தில் பெருநாடு ஒன்றை ஒருவர் நேராக ஆள இயலாது. ஆகவே நாட்டின் பகுதிகள் நாயக்கர் எனப்பட்ட தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாயக்கர் தம் பகுதியில் வரி வாங்கலாம். அதற்கு ஈடாக, குறித்த தொகையை அரசருக்குச் செலுத்த வேண்டும். குறித்த அளவு காலாட்களையும் குதிரைகளையும் யானைகளையும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இத்தகைய தலைவர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்று நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியர் எழுதினார். நாயக்கரின் பேராள் ஒருவர் தலைநகரில் தங்கி, அரண்மனைச் செய்திகளைத் தம் தலைவருக்கு அறிவித்துவந்தார். இந்த ஏற்பாட்டின் வலிமையும் குறையும் ஒன்றே. அரசர் வலியவராக இருக்கும்வரை நாயக்கர் பணிவர். அரசர் தளர்ந்தால் நாயக்கரே அரசராவர்.

அடுத்து, பொருள். வருவாயை நான்கு கூறாக்கி, இரு கூறு படைக்கும், ஒரு கூறு கொடைக்கும் அரசரின் செலவுக்கும், எஞ்சிய ஒரு கூறு கருவூலத்துக்கும் செல்லவேண்டும் என்பது இராயரின் நூல் கூறும் கணக்கு. துறைமுகங்களைப் பேணி, வெளிநாட்டு வணிகரை மதித்து நடத்துமாறும் அது கூறுகிறது. அதற்குக் காரணம் உண்டு. போருக்கு வேண்டிய உயர்ந்த குதிரைகள் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வந்தன. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியருடன் இராயர் நட்புக் கொண்டதும் இக்குதிரைகளுக்காகவே.

ஏரி வெட்டினால் குடியும் வளரும், வரியும் வளரும் என்பது அவர் கொள்கை. தலைநகருக்கு அருகே அவர் பேரேரி ஒன்றை அமைத்தபோது, பாயஸ் என்னும் மற்றொரு போர்ச்சுகீசியர் நேரில் கண்டார். பதினையாயிரம் இருபதாயிரம் பேர் எறும்புக் கூட்டம்போல் வேலை செய்தனர் என்று எழுதினார். அந்த நீரால் பாயும் நிலங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் வரி வாங்கப்படவில்லை என்று நூனிஸ் கூறுகிறார். உழவன் நிலத்தைத் திருத்திக் காலூன்றிய பின்னரே வரி. இன்றைய அரசுகளும் எண்ணிப் பார்க்கத்தக்க ஏற்பாடு இது. ஆனால் அதே ஏரியின் கரை பலமுறை உடைந்தபோது, சாத்திரம் கூறியோர் சொற்கேட்டு, மனிதர் அறுபதுபேர் பலியிடப்பட்டனர் என்றும் பாயஸ் எழுதியிருக்கிறார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

நம் தமிழ்நாட்டில் அவர் ஆட்சியின் சுவடு கல்லில் இருக்கிறது. சோழமண்டலத்துச் சிவன் கோயில்களும் திருமால் கோயில்களும் செலுத்திவந்த வரியில் பதினாயிரம் பொன்னை 1517-ஆம் ஆண்டளவில் நீக்கி, அச்செய்தியைப் பல கோயில்களில் கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். திருவண்ணாமலையில் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் கோபுரமும் அவர் பணிகள். இவற்றில் பக்தியும் உண்டு, அரசியலும் உண்டு. தலைநகரை ஒருநாளும் காணாத உழவனும், தன் ஊர்க் கோயிலில் அரசரின் பெயரைக் கண்டான்.

இனி, நீதி. கொலைத் தண்டனை பெற்றவனுக்கும் மும்முறை முறையிட இடமளிக்க வேண்டும் என்பது அவர் நூலின் கருத்து. நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் ஓர் அரசர் இவ்வாறு எண்ணியது பெருமைக்குரியது. ஆயினும், இராயர் நீதிமான் என்று புகழும் பாயஸே, திடீரென்று சினம் கொள்பவர் என்றும் சேர்த்து எழுதுகிறார். அச்சினத்துக்கு இரையானவர் முதலமைச்சர் சாளுவ திம்மரசர். இராயர் அரியணை ஏறவும், போர்களில் வெல்லவும் துணைநின்ற முதியவர் அவர். இராயரின் இளம்புதல்வன் நோயுற்று இறந்தான். அமைச்சரின் மகனே நஞ்சிட்டான் என்று யாரோ கூற, அரசர் அமைச்சரைச் சிறையிலிட்டார். பின்னர் அவர் கண்களைப் பறிக்கச் செய்தார் என்கிறார் நூனிஸ். இங்கிலாந்தின் ஹென்றியும் தம் அமைச்சர் தாமஸ் மோரை 1535-இலும், தாமஸ் கிராம்வெல்லை 1540-இலும் தலைவெட்டச் செய்தார். அரசரின் சினத்தைத் தடுக்கும் சட்டம் இருநாட்டிலும் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சொந்த நினைவு ஒன்று வரும். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, வகுப்பில் திரட்டிய சுற்றுலாப் பணம் காணாமற் போயிற்று. ஒரு மாணவனைப் பலரும் சுட்டினர். அவனை ஒருமுறைகூட முழுமையாகப் பேசவிடாமல், "தந்தையை அழைத்து வா" என்று வெளியே அனுப்பினேன். மூன்றாம் நாள் பணம் ஒரு பதிவேட்டுக்குள் கிடைத்தது. நானே அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். பள்ளிக்குத் திரும்பவே இல்லை. மும்முறை கேட்க வேண்டும் என்ற பாடத்தை நான் பலமுறை வகுப்பில் நடத்தியிருந்தேன். தெரிந்திருப்பது வேறு, சினம் வந்த நேரத்தில் நம்மைத் தடுக்கும் முறை ஒன்று இருப்பது வேறு.

இராயர் 1529-இல் மறைந்தார். அவரோடு நாயக்கரை அடக்கிய கையும் போயிற்று. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், செஞ்சியும் தஞ்சையும் மதுரையும் படிப்படியாகத் தனியரசுகளாயின. திருவண்ணாமலைக் கோபுரத்தையும் அவர் முடிக்கவில்லை. தஞ்சை சேவப்ப நாயக்கர்தாம் முடித்துவைத்தார்.

மாணவர்களே, அடுத்தமுறை அக்கோபுரத்தின் கீழ் நிற்கும்போது, அதை எழுப்பியவர் பெயரை அறிந்ததோடு அமையாதீர்கள். நம் நாட்டில் இன்று தண்டனை பெற்றவன் மேல் நீதிமன்றத்துக்குச் செல்கிறான். ஆள்பவர் விரும்பினும் விரும்பாவிடினும் செல்கிறான். இராயர் அறிவுரையாக எழுதியது நமக்கு உரிமையாக வந்திருக்கிறது. திம்மரசருக்குக் கிடைக்காத அந்த உரிமையின் அருமையை நினைத்துப் பாருங்கள்.