ஊர்வனவற்றின் நிறமாற்றம்

ஓணான், பச்சோந்தி முதலிய பிராணிகள் தம் தோலின் வர்ணத்தைச் சிறு பொழுதிலோ பருவத்திற்கேற்பவோ மாற்றிக்கொள்ளும் இயல்பு. முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தலின் கல்தூண் மீது தலை நிமிர்த்தி அமர்ந்திருக்கும் ஆண் ஓணான், இணைசேரும் பருவத்தில் தலைமுதல் தோள்வரை செக்கச் சிவந்து, தன் எல்லைக்குள் மற்றோர் ஆண் புகுமாயின் முன்னங்கால்களை ஊன்றி உடம்பை ஏற்றியிறக்கி மிரட்டும். தோற்றதோ மங்கிப் பழுப்பாகி ஒதுங்கிவிடும். அச்சிவப்பைக் கண்டு, தொலைவிலிருந்தே நம் இரத்தத்தை அது உறிஞ்சுகிறதென்று கல்லெறியும் சிறுவர் வழக்கம் அஞ்ஞானத்தின் பாற்பட்டது. 1802இல் தௌதேன் என்னும் பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கிட்ட லத்தீன் பெயரிலுள்ள 'வெர்சிகலர்' என்னும் சொல்லுக்கு நிறம் மாறுவது என்றே பொருள்.

தென்னாட்டுக் கரடுகளில் வெயில் காயும் பாறை ஓணான் இதனினும் விசித்திரமானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்ணை நாடும்போது அதன் முதுகும் விலாவும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் நிறங்களைப் பூணுகின்றன. மற்றோர் ஆணை எதிர்க்கும்போதோ நிறம் வெகு விரைவில் மாறுகிறது. காதலுக்கு எடுப்பும் போருக்கு வேகமும் வேண்டும் போலும்!

இம்மாற்றத்திற்குக் காரணம் தோலில் அடுக்கடுக்காயமைந்த உயிரணுக்களே. மேலடுக்கில் மஞ்சள், சிவப்பு நிறமிகளும், அதன்கீழ் ஒளியைத் திருப்பும் குவானின் படிகங்களும், அடியில் மெலனின் என்னும் கருநிறமியும் உள்ளன. கருநிறமி அணுவெங்கும் பரவினால் உடல் கறுக்கும். நடுவே ஒடுங்கினால் வெளுக்கும். மடகாஸ்கர்த் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தார், அது கிளர்ச்சியுறும்போது படிகங்களின் இடைவெளி அகன்று, பச்சை மஞ்சளாக மாறுவதை 2015இல் விளக்கினர்.

பச்சை, ஓந்தி என்னும் இரு சொற்களாலான பெயரையுடைய நம் நாட்டுப் பச்சோந்தி, அமர்ந்த இடத்தின் நிறத்தையெல்லாம் அப்படியே ஏற்கும் என்பது தவறு. ஒளியும், வெப்பமும், அச்சமும், சினமுமே அதனைப் பெரிதும் மாற்றுவன. உள்ளக்கிடக்கையை உடலெங்கும் எழுதிக்காட்டும் இப்பிராணியின் பெயரைக் கொள்கை மாறுவோர்க்குச் சூட்டியது பொருத்தமன்று. காலைக் குளிரில் கறுத்து வெயிலை வாங்கும். உச்சிப்பொழுதில் வெளிறி வெப்பத்தைத் தவிர்க்கும். பகலில் இலைகளிடையே தேடியும் அகப்படாத அதுவே, இரவில் உறங்கும்போது வெளுத்துவிடுவதால், டார்ச் விளக்கின் வெளிச்சத்தில் கிளை நுனியில் தனித்துத் தெரியும்.