‘பிக் இட் அப்’: ஆங்கில வினையை ஒட்டி நிற்கும் சொற்களின் வரிசை

ஆங்கிலத்தில் ‘பிக் அப் த புக்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த புக் அப்’ என்றும் சொல்லலாம். ‘த புக்’ இருந்த இடத்தில் ‘இட்’ என்ற மாற்றுப்பெயர் வந்ததும் இந்த உரிமை போய்விடுகிறது. ‘பிக் இட் அப்’ மட்டுமே வழக்கு. ‘பிக் அப் இட்’ அம்மொழியில் பிழை. நம் கல்லூரி இலக்கண நூல்கள் இதை ஒரு விதிவிலக்காக ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. ஆனால் இது விதிவிலக்கே அன்று. வினைக்கு அருகில் எந்தச் சொல் எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கின் ஒரு முனைதான் இது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகை வினைகளின் தொல்லை பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த இணைப்புகள் அயல்மொழியினருக்குப் பெருஞ்சிக்கல் என்று குறித்தார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூல் வந்த பிறகு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி அப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்ததாக ஸ்மித்தே எழுதியிருக்கிறார். அப்போதிருந்து கவனமெல்லாம் பொருள்மீதே குவிந்தது. சொல்வரிசை பின்னுக்குப் போயிற்று.

வரிசையைப் பார்க்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘ரேன் அப் த ஹில்’ (குன்றில் ஏறி ஓடினான்), ‘ரேன் அப் த பில்’ (கடன் பாக்கியை ஏற்றிவிட்டான்) என்ற இரண்டும் கேட்பதற்கு ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. குன்றுக்கும் பாக்கிக்கும் பதிலாக ‘இட்’ வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். குன்றுக்கு ‘ரேன் அப் இட்’; பாக்கிக்கு ‘ரேன் இட் அப்’. முதல் ‘அப்’ முன்னிடைச்சொல். தன் பெயரை விட்டு அது நகராது. ‘அப் விச் ஹில்’ என்று பெயரோடு சேர்ந்தே வாக்கியத்தின் தலைக்கும் போகும். இரண்டாவது ‘அப்’ வினையடை. அதற்கும் ‘பில்’லுக்கும் நேர் உறவில்லை, உறவெல்லாம் வினையோடுதான். ‘ரேன் குவிக்லி அப் த ஹில்’ என்று நடுவே ஒரு சொல்லை நுழைக்கலாம்; ‘பில்’ வாக்கியம் அதற்கு இடம் தராது. மாணவர்க்கு வேறெந்த வரையறையையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் கற்றுத்தரும்.

இனி மற்ற வினையடைகள். ‘கேர்ஃபுல்லி’ போன்ற சாதாரண வினையடை, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே பொதுவாக நுழைய முடியாது. ‘ரெட் கேர்ஃபுல்லி த லெட்டர்’ இயல்பான ஆங்கிலம் அன்று. பின்னால் வரும் பெயர்த்தொடர் மிக நீண்டதானால் மட்டுமே அதற்கு இடம் கிடைக்கும். ‘அவுட்’ அப்படியன்று, ‘ரெட் அவுட் த லெட்டர்’ எந்தத் தடையுமின்றி வருகிறது. இதற்கான விலையையும் அது கொடுக்கிறது. ‘புட் த புக் ரைட் பேக்’ என்று ‘பேக்’ பின்னால் நிற்கும்போது அதற்கு ‘ரைட்’ என்ற அடை சேர்க்கலாம். வினையை ஒட்டி நிற்கும்போது சேர்க்க இயலாது. வினையோடு ஒட்டியதும் அது தன் சுதந்திரத்தை இழந்து வினையின் உறுப்பாகிவிடுகிறது. ஆக, வினைக்கு அடுத்து மாற்றுப்பெயர், அதன்பின் சிறு வினையடை, பிறகு முழுப் பெயர்த்தொடர், கடைசியில் சாதாரண வினையடை என்று வரிசை தெரிகிறது. ‘பிக் இட் அப் கேர்ஃபுல்லி’ என்பதில் இதன் பெரும்பகுதியைக் காணலாம்.

இதற்குக் காரணம் என்ன? ஓசையழுத்தமும் செய்தியின் புதுமையும் என்பது பலர் ஏற்கும் விடை. ஆங்கில வாக்கியம் புதிய, கனமான செய்தியை இறுதிக்குத் தள்ளும். ‘இட்’ ஏற்கெனவே தெரிந்ததைச் சுட்டுவது, அழுத்தமும் பெறாதது. ‘சம்திங்’கும் மாற்றுப்பெயர்தான், ஆனால் அது புதியதைச் சுட்டுவதால் ‘பிக் அப் சம்திங்’ தடையின்றி வருகிறது. ‘அவளையன்று, அவனை’ என்று எதிர்நிறுத்தி அழுத்தும்போது ‘பிக் அப் ஹிம்’ என்பதையும் பலர் ஏற்கின்றனர். மாற்றுப்பெயர் என்ற சொல்வகையை மட்டும் வைத்து விதி எழுதினால் இவை விளங்கா. முழுப் பெயர்த்தொடருக்கு எந்த இடம் என்பதையும் நீளம், புதுமை போன்ற பல காரணிகள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று ஸ்டெஃபான் கிரீஸ் 2003இல் வெளியிட்ட தரவுத்தொகுப்பு ஆய்வு காட்டுகிறது.

ஆயினும் அழுத்தம் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. உறவுமொழியான ஸ்வீடிஷில் சிறு வினையடை அழுத்தம் பெறும், மாற்றுப்பெயர் பெறாது. இருந்தும் அங்கே ‘விட்டான் வெளியே அவனை’ என்ற வரிசைதான், மாற்றுப்பெயருக்கும் அதுவே. டேனிஷில் எல்லாப் பொருளும், அது பெயராயினும் மாற்றுப்பெயராயினும், வினையடைக்கு முன்னே வரும். நார்வேஜியன் ஏறத்தாழ ஆங்கிலத்தைப் போன்றது. ஒரே குடும்பம், ஒத்த ஓசையியல், மூன்று வேறு தீர்வுகள். அழுத்தம் ஒரு சாய்வைத் தரலாம். அந்தச் சாய்வைக் கட்டாயமாக்குவது ஒவ்வொரு மொழியின் இலக்கணமே. முழுப் பெயருக்கு வெறும் விருப்பமாக இருப்பது ‘இட்’டுக்கு விலக்க முடியாத விதியாக இறுகியிருப்பதை வேறு எப்படியும் விளக்க முடியவில்லை.

அகராதியும் தன் பங்குக்கு வரிசையைப் பூட்டிவைக்கிறது. ‘கிரைட் ஹர் ஐஸ் அவுட்’ என்றால் ஓயாமல் அழுது தீர்த்தாள். ‘ஐஸ்’ முழுப் பெயர்தான். ஆனாலும் அங்கே ‘அவுட்’டை முன்னே கொண்டுவர முடியாது. ஆகவே நம் வகுப்புகளில் ‘ஃபிரேசல் வெர்ப்’ பட்டியல்களைப் பொருளோடு மட்டும் மனப்பாடம் செய்விப்பது போதாது. ஒவ்வொரு வினையையும் முழுப் பெயரோடு ஒருமுறை, ‘இட்’டோடு ஒருமுறை, ‘சம்திங்’கோடு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்று கேட்கப் பழக்க வேண்டும். இன்றைய பயிற்சித் தாள்களில் கோடிட்ட இடம் பெரும்பாலும் வினையடைக்கு விடப்படுகிறது. ‘இட்’டின் இடத்தையும் அப்படி நிரப்பச் சொல்ல வேண்டும்.