ஒரே பெயர், இரண்டு எடை: பிரிட்டிஷ் அளவைகளின் விநோத வரலாறு

ஒரு பவுண்டு தங்கம் கனமா, ஒரு பவுண்டு இறகு கனமா? கேட்டவுடன், "இரண்டும் ஒன்றுதானே" என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இங்கிலாந்தின் பழைய அளவை முறைப்படி அந்தப் பதில் தவறு. இறகுதான் கனம்!

காரணம், அங்கே பவுண்டு ஒன்றல்ல, இரண்டு. தங்கம், வெள்ளி நிறுக்க டிராய் பவுண்டு. அதற்கு 12 அவுன்ஸ். மொத்த எடை 5,760 கிரெயின். கிரெயின் என்றால் தானிய மணி. மற்றச் சரக்குகளுக்கு அவர்துபாய் பவுண்டு. அதற்கு 16 அவுன்ஸ். எடை 7,000 கிரெயின். வேடிக்கை இதோடு முடியவில்லை. அவுன்சை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாகிறது. டிராய் அவுன்ஸ் 480 கிரெயின்; மற்றது 437.5 கிரெயின். ஆகவே ஓர் அவுன்ஸ் என்று வரும்போது தங்கமே கனம். டிராய் பவுண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே விடைபெற்றுவிட்டது. ஆனால் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை இன்றும் டிராய் அவுன்சில்தான் சொல்லப்படுகிறது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு இரண்டு பொருள் இருந்தால் யாரோ ஒருவர் ஏமாறுகிறார் என்பதுதான் இந்த வரலாறு சொல்லும் பாடம்.

வயலில் பிறந்த அளவுகள்

பழைய அளவைகளை அறிவற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. அவை உழவர்களின் வாழ்க்கையில் பிறந்தவை. காய்ந்து உருண்ட மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்பது இடைக்கால இங்கிலாந்தின் விதி. 12 அங்குலம் ஓர் அடி. 3 அடி ஒரு கெஜம். பிரிட்டனில் காலணியின் அளவு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வாற்கோதுமை நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, இன்றும் கூடிக்கொண்டே போகிறது.

பர்லாங் என்பது உழவுச் சாலின் நீளம். அது 660 அடி. ஒரு பர்லாங் நீளமும் 22 கெஜம் அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். மாடு பூட்டிய ஏர் ஒரு நாளில் உழக்கூடிய பரப்பு அது. இந்த 22 கெஜம்தான் கிரிக்கெட் ஆடுகளத்தில் இருபக்க விக்கெட்டுகளுக்கும் இடையிலுள்ள தூரம்.

மைல் மட்டும் ரோமானியர் வழி வந்தது. அவர்களுடைய மைல் 5,000 அடி. ஆனால் இங்கிலாந்தின் நிலங்களோ பர்லாங்கில் அளக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் பொருத்தம் வேண்டுமே! முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1593ஆம் ஆண்டுச் சட்டம் 8 பர்லாங் ஒரு மைல் என்று வகுத்தது. 660ஐ 8ஆல் பெருக்கினால் 5,280 அடி. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த அந்த விசித்திர எண் இப்படித்தான் வந்தது.

ஏமாந்தவர் யார்?

வயலுக்குப் பொருந்திய அளவு சந்தைக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது. எடையைக் குறிக்கும் 'கல்' என்ற அளவு பொதுவாக 14 பவுண்டு. லண்டனின் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையிலோ ஒரு கல் 8 பவுண்டுதான். நூறு என்ற சொல்லைப் பெயரிலேயே கொண்டிருக்கும் அந்தர், 112 பவுண்டு. கேலனும் மூன்று வகை: திராட்சை மதுவுக்கு 231 கன அங்குலம், தானியத்துக்குச் சுமார் 269, பீருக்கு 282.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் யார்? பல ஊர் அளவுகளையும் அறிந்த வணிகர் அல்ல. ஒரே ஊர் அளவை மட்டும் அறிந்த உழவரும், கூலிப் பணத்தில் பண்டம் வாங்கிய ஏழையும்தான். அதனால்தான் 1215ஆம் ஆண்டில் ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்தில், மதுவுக்கும் தானியத்துக்கும் துணிக்கும் நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. அளவை ஒரு நீதிப் பிரச்சினை என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரே கேலன் சட்டமானது 1824ஆம் ஆண்டில்தான். 10 பவுண்டு தண்ணீரின் கொள்ளளவே கேலன் என்று முடிவானது. இதற்கு 609 ஆண்டுகள் தேவைப்பட்டன! அடுத்த பத்தாண்டில் இன்னொரு சோதனை. 1834இல் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது அங்கே வைத்திருந்த மூலக் கெஜமும் மூலப் பவுண்டும் பாழாயின. புதியவை சட்டப்படி நிலைபெற 1855 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடல் கடந்த குழப்பம்

அமெரிக்கா அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால், அங்கே பழைய மதுக் கேலனே நிலைத்தது. எனவே அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பெயர் ஒன்று, பொருள் வேறு.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷார் உள்ளூர் அளவைகளைத் தங்கள் அளவைகளோடு முடிச்சுப் போட்டார்கள். ஒரு காத்தி, ஒன்றே மூன்றில் ஒரு பங்கு பவுண்டு ஆனது. 100 காத்தி ஒரு பிக்குல். அரிசி அளந்த கந்தாங், ஒரு பிரிட்டிஷ் கேலனுக்குச் சமம் ஆனது. 1970களில் இரு நாடுகளும் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய பிறகே இந்தக் கணக்குகள் ஓய்ந்தன.

நடுவானில் தீர்ந்த எரிபொருள்

அளவைக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் என்பதை 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி கனடா கண்டது. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். எட்மன்டன் செல்லவேண்டிய ஏர் கனடா விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை சுமார் 0.8 கிலோ. கணக்கிட்டவர்களோ 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது பவுண்டுக்கு உரிய எண். விளைவு, தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்றன. மிதவை விமானம் ஓட்டிப் பழகிய விமானி, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் அதைத் தரையிறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

பிரிட்டனின் சாலைகளில் தூரம் இன்றும் மைலில்தான் எழுதப்படுகிறது. மதுக்கடையில் பீர் இன்றும் பைண்டில்தான் ஊற்றப்படுகிறது. பழகிய அளவை விட மனம் வருவதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அளவுகோலைப் பிடித்திருக்க வேண்டும். 1215இல் எழுந்த அந்தக் கோரிக்கையின் நியாயம், சந்தைத் தராசுக்கும் பொருந்தும். வானில் பறக்கும் விமானத்துக்கும் பொருந்தும்.